ஓன்யிங் களிம்பில் இருந்தது

எங்கள் ஊரில் ஒரு மருந்து பலிக்கவில்லை என்றால் மருந்தைக் குற்றம் சொல்ல மாட்டோம். அதைச் செய்தவளையும் சொல்ல மாட்டோம். "ஹியாங் இல்ல" என்போம். அந்த மருந்து அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சோப்பு, மாத்திரை, பால் பவுடர், ஏன், வந்த மருமகள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தைதான். யார் மேலும் பழி இல்லை, யாருக்கும் சண்டை இல்லை. எவ்வளவு நல்ல வார்த்தை! நாலு மாதம் நான் அந்த வார்த்தைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

என் பெயர் டியோனிசியா. அப்படிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். ஓன்யிங் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பதினோரு வருடமாகச் சுகாதாரத் தொண்டர் வேலை. குழந்தைகளை எடை போடுவது, கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு விரட்டுவது, தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப் புழு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து வசவு வாங்குவது. இதோடு களிம்பு காய்ச்சுவதும் என் பொறுப்பு. நகரத்துச் சுகாதார நிலையத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு சான்றிதழும் ஒரு வாணலியும் தந்தார்கள். சான்றிதழைக் கரையான் தின்றுவிட்டது. வாணலி இருக்கிறது.

சீமை அகத்தி எங்கள் பக்கம் வேலியோரமெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும். இலையைப் பறித்துக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். ஒரு கோப்பை இலைக்கு ஒரு கோப்பை தேங்காய் எண்ணெய். சின்னத் தீயில் இலை மொறுமொறுவென்று ஆகும்வரை வைத்திருக்க வேண்டும், கருகவிடக் கூடாது. துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் வெள்ளை மெழுகுவர்த்தியைத் துருவிப் போட்டுக் கலக்கினால் டப்பாவில் பச்சையாக உறைந்துகொள்ளும். படர்தாமரைக்கு, தேமலுக்கு, சேற்றுப் புண்ணுக்கு அருமையான மருந்து. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த இலை மேல் ஒரு குற்றமும் கிடையாது.

ஒரே குறை, மெதுவாகத்தான் வேலை செய்யும். காலையும் மாலையும் விடாமல் மூன்று வாரம், நாலு வாரம் தடவ வேண்டும். எங்கள் ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூன்றாம் நாளே வந்து நிற்பார்கள், இன்னும் அரிக்கிறதே என்று. பெட்டிக்கடை புரிங் இருக்கிறாளே, அவள் வாய்க்கு ஊரே பயப்படும். ஒரு நாள் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னாள்:

"ஓன்யிங், உன் களிம்புல நேத்து மீன் பொரிச்சேன்டி. வாசனை தூக்கலா இருந்துச்சு. அரிப்புதான் போக மாட்டேங்குது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வாணலியைத் தூக்கி மூலையில் எறிந்தேன். பதினோரு வருடம் இவர்களுக்காக வெயிலில் அலைந்தவளுக்கு மீன் பொரிக்கிற மரியாதைதான் என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் துணி துவைக்கும் பவுடர் பட்டு என் கை வெடித்து அரித்தது. நகரத்து மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். கடையில் இருந்த பெண் சின்னவள், ஆனால் விவரமானவள். சில்லறை கொடுக்கும்போது சொன்னாள்:

"அக்கா, இது ஸ்டீராய்டு. கைக்கு நாலு நாள் போடுங்க, போதும். படர்தாமரைக்கு மட்டும் போட்டுடாதீங்க. மேல அடங்கினாப்ல இருக்கும், உள்ள பரவிக்கிட்டே போகும்."

கேட்டேன். காது நன்றாகத்தான் கேட்டது. தலையைக்கூட ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே கை அரிப்பு நின்றுவிட்டது. சாயங்காலமே! நான் இலையை நறுக்கி, வதக்கி, வடிகட்டி நாலு வாரத்தில் செய்வதை இந்த விரல் நீள ட்யூப் நாலு மணி நேரத்தில் செய்துவிட்டது. மறுநாள் காய்ச்சிய களிம்பில், மெழுகு உறைவதற்கு முன்னால், ட்யூபில் மிச்சமிருந்ததைப் பிதுக்கிக் கலந்தேன். ஒரு தடவைதான், சும்மா பார்க்கலாம் என்றுதான் கலந்தேன். எல்லாத் திருட்டுத்தனமும் சும்மா பார்க்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறது.

ஒரே வாரத்தில் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். "ஒரே ராத்திரியில அரிப்பு போச்சு" என்று கிராமத் தலைவரின் மனைவியே வாசலுக்கு வந்து சொன்னாள். பக்கத்து ஊரிலிருந்து படகில் வந்து கேட்டார்கள். களிம்புக்கு ஊரே பெயர் வைத்தது, ஓன்யிங் களிம்பு என்று. புரிங் அதைக் கடை முன்னால் கண்ணாடி ஜாடியில் அடுக்கி வைத்து, "எங்க ஓன்யிங்குக்குக் கைராசி" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் நகரத்துக்குப் போனேன். ஒரே கடையில் வாங்கினால் சந்தேகம் வரும் என்று வேறு வேறு கடையில் ட்யூப் வாங்கினேன். தெரியாமல் செய்கிறவள் கடை மாற்றுவாளா?

வாங்கியவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். நிறுத்தினால் மறுபடி வந்துவிடுகிறது, இன்னொரு டப்பா கொடு என்றார்கள். களிம்பின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஜூன் மாதம் அர்மெலின் தன் மகள் ஜோவியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அர்மெலினும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். ஜோவிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய், எங்கள் பேச்சில் 'நினாங்', நான்தான். அதனால் அர்மெலினும் நானும் ஒருவரை ஒருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவோம். அது கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு. அர்மெலின் புருஷன் கப்பலில் வேலை செய்கிறான். வருடத்தில் பத்து மாதம் அந்த வீட்டில் அவளும் குழந்தையும்தான். ஜோவிக்கு எட்டு வயது. என்னை "நினாங்" என்று கூப்பிட்டுக்கொண்டே தெருமுனையிலிருந்து ஓடி வந்து இடுப்பில் முட்டுவாள். எனக்குப் பிள்ளை கிடையாது. இதற்கு மேல் என்ன சொல்ல?

பாவாடை எலாஸ்டிக் பதிகிற இடத்தில், இடுப்பில், ஒரு பீசோ நாணய அளவுக்கு வட்டமாகப் படர்தாமரை. அசல் படர்தாமரை. வெறும் இலைக் களிம்பைத் தடவியிருந்தால் பள்ளிக்கூடத்தின் முதல் பரீட்சைக்குள் போயிருக்கும். என்னிடம் வெறும் களிம்பு அப்போது இல்லை. காய்ச்சிக் கொடுக்கிறேன், இரண்டு நாள் பொறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் மறைந்தது. "மாரே, உன் கைக்கு முத்தம் கொடுக்கணும்டி" என்றாள் அர்மெலின். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்தது. தடவினாள், மங்கியது. விட்டாள், வயிற்றுக்குப் பரவியது. ஆகஸ்டில் முதுகு, செப்டம்பரில் கழுத்து. வட்டமும் இல்லாமல் விளிம்பும் இல்லாமல், தேசப்படம் போல் சிவப்பும் பழுப்புமாக, பார்த்தால் படர்தாமரை என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். கன்னத்தில் ஏறியபோது அர்மெலின் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஊருக்கே கேக்குது, என் பிள்ளைக்கு மட்டும் ஏன்டி கேக்கல? ஹியாங் இல்ல போல. இவ உடம்புலதான் என்னமோ கோளாறு."

அங்கேதான், அந்தப் படியில்தான், நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கும் மாரே. சில உடம்புக்கு ஒத்துக்காது" என்றேன். வாய் கூசவில்லை.

அர்மெலின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் உடம்புதான் கெட்டது என்று முடிவு கட்டியபின் அந்த உடம்பைத் திருத்த ஆரம்பித்தாள். மீன் கூடாது, முட்டை கூடாது, கோழி கூடாது. எல்லாம் அரிப்பைக் கிளப்பும். கடலோரத்துப் பிள்ளைக்கு மீன் இல்லாமல் மூன்று வேளையும் முருங்கைக் கீரையும் கஞ்சியும். காலையும் மாலையும் கொய்யா இலை கொதிக்கவைத்த தண்ணீரில் குளியல். சொறியாமல் இருக்கக் கையில் அப்பாவின் பழைய காலுறையை மாட்டி மணிக்கட்டில் கட்டிவிட்டாள். இவ்வளவுக்கும் நடுவில் என் களிம்பையும் விடவில்லை, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஒத்துக்கொள்ளும் என்று. மாரே செய்த மருந்தாயிற்றே!

அக்டோபரில் பள்ளிக்கூடத்திலிருந்து ஜோவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற பெற்றோர்கள் பேசுகிறார்கள், டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றாராம் ஆசிரியை. பேசியது என்ன என்று புரிங் வந்து என் காதில் போட்டாள். ஊரில் எங்கே புகைந்தாலும் அவளுக்குத்தான் முதலில் மூக்கு வியர்க்கும்.

"தொழுநோயாம்டி. ரத்தமே கெட்டுப்போச்சாம். அவ அப்பன் கப்பல்ல எங்கெங்கயோ போறானே, அங்கேருந்து வந்திருக்கும்னு சொல்றாங்க. சரி, அது கெடக்கட்டும், எனக்கு ஆறு டப்பா குடு, ஜாடி காலியாயிருச்சு."

"டப்பாவும் கிடையாது, கிப்பாவும் கிடையாது. போடி வெளிய!" என்று கத்தினேன். புரிங் திறந்த வாய் மூடாமல் போனாள். குழந்தை மேல் பிரியம், பாவம், என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

சுகாதார நிலையத்துக்கு நானும்தான் கூடப் போனேன். தொண்டர் போகாமல் இருக்க முடியுமா? டாக்டர் வில்லாருவேல் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பொறுமைசாலி. ஜோவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொட்டால் தெரிகிறதா என்று பஞ்சால் ஒற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா என்ன போட்டீங்க?"

"நம்ம சீமை அகத்திக் களிம்புதான் டாக்டர். நீங்க பயிற்சி குடுத்ததுதான்."

"என்னென்ன சேத்தீங்க?"

"இலை, எண்ணெய், மெழுகு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

எவ்வளவு சுலபமாக வந்தது! அர்மெலின் பக்கத்தில் இருந்து, "மாரே கை ரொம்பச் சுத்தம் டாக்டர். இவளுக்குத்தான் ஹியாங் இல்ல" என்று எனக்காக வேறு பரிந்து பேசினாள். டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"வெறும் இலைக் களிம்புன்னா படர்தாமரை இந்த உருவத்துக்கு வராது. அப்போ இது படர்தாமரையே இல்லையோ என்னமோ. தொழுநோயா இருக்கும்னு நான் சொல்லல. ஆனா இல்லன்னும் என்னால சொல்ல முடியல. மாகாண ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். வியாழக்கிழமை கூட்டிட்டுப் போங்க. கன்னத்துல கொஞ்சம் தோலை வெட்டி எடுத்துப் பாப்பாங்க."

அர்மெலின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்ன ஒரே ஒரு "இல்ல" போய்க் குழந்தையின் கன்னத்தில் கத்தியாக நிற்கிறது. அப்போதும் சொல்லவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறினோம். ஜோவி என் மடியில் சாய்ந்து, காலுறை மாட்டிய கையால் என் முகத்தைத் திருப்பினாள்.

"நினாங், வெட்டும்போது நீங்களும் வருவீங்களா?"

"வருவேன்டா."

"நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டா நான் அழ மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு கோழைத்தனமான காரியம் செய்தேன். இலையைப் பறித்து, ட்யூப் இல்லாமல், சுத்தமான களிம்பு காய்ச்சினேன். புது டப்பாவில் ஊற்றி, பழைய டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'இதைத் தடவு' என்று அர்மெலினிடம் கொடுத்தேன். வியாழக்கிழமைக்குள் கொஞ்சமாவது குறைந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாமலேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பூசி மெழுகுவது என்பார்களே, அதை நிஜமாகவே செய்தேன்.

ட்யூப் மருந்து திடீரென்று நின்றதும், இத்தனை நாள் அது அமுக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து கிளம்பியது. மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, கழுத்தில் சிவப்புக் கொப்புளங்கள் சீழ் கட்டின. புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது ஜோவி பாயில் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் துணி பட்டாலே எரிகிறதாம். அர்மெலின் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கையை நீட்டிக் குழந்தையின் மணிக்கட்டில் முடிச்சை இறுக்கினாள்.

"சொறியாதேன்னா கேக்கறாளா? ராத்திரி முச்சூடும் பல்லாலயே காலுறையைக் கழட்டுறா. என்ன உடம்போ இது, எதுவுமே ஒத்துக்க மாட்டேங்குது."

"நான் சொறியல அம்மா. என் உடம்புதான் சொறியுது" என்றாள் ஜோவி பாயில் முகத்தை வைத்தபடியே.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். முதலில் இதைச் சொல்வது, பிறகு அதைச் சொல்வது என்று. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மாரே, அவ உடம்பு மேல தப்பு இல்ல. நான்தான். களிம்புல நான் ட்யூப் மருந்து கலந்தேன்."

அர்மெலின் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சும்மா இருடி. என் மனசைத் தேத்தறதுக்குன்னு பழியை உன் தலையில போட்டுக்காத."

பாருங்கள், உண்மையைச் சொன்னாலும் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிற ஒருத்திக்கு நான் இதைச் செய்திருக்கிறேன். பையைத் திறந்து, பாதி பிதுக்கிய ட்யூபை எடுத்துத் தரையில் வைத்தேன். மருந்துக் கடைப் பெண் என்ன சொன்னாள் என்று சொன்னேன். எட்டு மாதமாகக் கலக்கிறேன் என்று சொன்னேன். டாக்டரிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பொய்யால்தான் நாளைக்குக் கன்னத்தை வெட்டப் போகிறார்கள் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல அர்மெலின் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் அவளை அடிச்சேன்" என்றாள் கடைசியில். "சொறிஞ்சதுக்கு அடிச்சேன். அகப்பையால அடிச்சேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுல போய் மீன் தின்னுட்டு வந்தான்னு, வாயிலேயே அடிச்சேன், ஓன்யிங்."

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது.

"எந்திரி" என்றாள். கரண்டியைக் கஞ்சிக்குள்ளேயே போட்டாள். "எந்திரின்னேன்! இப்பவே வந்து அந்த டாக்டர்கிட்ட இதைச் சொல்லு. என் முன்னாடி சொல்லு. எத்தனை வாய்டி உனக்கு? என் படியில உக்காந்து உடம்புக்கு ஒத்துக்காதுன்னு சொன்னியே, எந்த வாயால சொன்ன? புள்ள இல்லாதவளுக்குப் புள்ள வலி தெரியாதுன்னு ஊர்ல சொன்னப்பல்லாம் உனக்காகச் சண்டை போட்டவ நான்!"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. எழுந்தேன். பாயிலிருந்து ஜோவி எழுந்து வந்து, அம்மாவின் பாவாடையைக் காலுறைக் கையால் இழுத்தாள்.

"நினாங்கைத் திட்டாதம்மா. எல்லாருக்கும் கேக்குதுல்ல? எனக்குத்தான் ஹியாங் இல்ல."

அர்மெலின் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. மூன்று பேரும் தெருவில் இறங்கி வண்டி பிடித்தது மட்டும் தெரிகிறது.

டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஜோவியின் கழுத்து ஓரத்தில் கண்ணாடித் தகடால் மெல்லச் சுரண்டி, காசநோய் சளி பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நானும் அர்மெலினும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம்.

"படர்தாமரைதான்" என்றார் நிமிர்ந்து. "வேற ஒண்ணும் இல்ல. வெட்ட வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கும் சீட்டு எழுதித் தர்றேன். ஆறு வாரம் மாத்திரை. கொப்புளத்துக்கு வேற மருந்து. கன்னத்துல கொஞ்ச நாள் தழும்பு தெரியும், அப்புறம் மங்கிடும். மீன், முட்டை எல்லாம் குடுங்கம்மா, பிள்ளை எலும்பாப் போயிட்டா." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க யார் யாருக்கு அந்த டப்பாவைக் குடுத்தீங்களோ அத்தனை பேரையும் இங்க அனுப்பணும். வீடு வீடாப் போய், ஏன்னும் சொல்லணும். இலை மேல பழி விழாம சொல்லுங்க. அதுக்கு மேல என்ன செய்யறதுன்னு மேல எழுதிக் கேக்கறேன்."

"சரி டாக்டர்" என்றேன். புரிங்கின் கண்ணாடி ஜாடி கண் முன்னால் வந்தது. அவள் வாயில் நான் இனிச் சாகும்வரை கிடக்க வேண்டியதுதான். கிடக்கிறேன். எனக்கு அது வேண்டியதுதான்.

வெளியே வேப்ப நிழலில் வண்டிக்காகக் காத்திருந்தோம். அர்மெலின் ஜோவியின் கைகளிலிருந்த காலுறை முடிச்சுகளைப் பல்லால் அவிழ்த்துக் கழற்றினாள். மணிக்கட்டில் கட்டுப் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜோவிக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வெட்டவே மாட்டாங்களா?"

"மாட்டாங்கடா."

"என் உடம்பு நல்ல உடம்புதானா?"

"தங்கமான உடம்புடா. உன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல. என் மருந்துலதான் இருந்துச்சு" என்றேன்.

ஜோவி தன் வெறும் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் வியர்த்து வெளுத்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எங்களுக்குள் சமாதானம் செய்துவைக்க வழி கண்டுபிடித்துவிட்டவள் போல் முகம் மலர்ந்தது.

"நினாங், நீங்க தெரியாமத்தானே போட்டீங்க?"

அர்மெலின் தேய்ப்பதை நிறுத்தினாள். முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தைக்கு அது போதும். அர்மெலின்கூட அந்த இடத்தில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இல்லடா" என்றேன். "தெரிஞ்சேதான் போட்டேன்."

ஜோவி ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்ப்பதுபோல் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் என் கைக்குள்ளிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு இறங்கி, அம்மாவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.